எம்.சி. ரோடு கடையில் தேய்ந்த எஸ்எஸ்டியை மேசையில் வைத்து எழுதிப் பார்த்த கணக்கு

480 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று. எழுதப்பட்டது 139 டிபி (ஒரு டிபி என்பது 1,000 ஜிபி), கரண்டில் ஓடிய நேரம் 19,000 மணிக்குச் சற்று மேல், மிச்ச ஆயுள் 0 சதவீதம். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடைக் கம்ப்யூட்டரில் இருந்து நான் கழற்றிய டிரைவ் காட்டிய விவரம் இது. பெரம்பூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறவன் என்கிற முறையில் செத்த எஸ்எஸ்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன், ஆனால் அவற்றில் பெரும்பாலானவை டிரைவை உள்ளிருந்து இயக்கும் சில்லான கண்ட்ரோலர் போனது, கரண்ட் ஏறி இறங்கிப் போனது, ஒரு நாள் காலையில் பயாஸில் தெரியாமலே போனது என்ற வகைதான். எழுதி எழுதியே ஆயுள் முடிந்த டிரைவ் கைக்கு வருவது அபூர்வம், அதனால் இதைக் குப்பையில் போட மனசு வரவில்லை. கடை வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு டிரைவை வீட்டுக்குக் கொண்டுவந்து, அது எழுத மறுக்கும் வரை எழுதிப் பார்த்தேன்.

முதலில் கடையில் நடந்தது. ரம்ஜான் வியாபாரம் சூடு பிடித்திருந்த நேரம், எம்.சி. ரோட்டில் நடக்கக்கூட இடம் இருக்காது. கடைக்கார பாய் போன் செய்தார். "தம்பி, பில்லு போட்டா அப்படியே நிக்குது. பத்து செகண்டு, இருபது செகண்டு கழிச்சுதான் அடுத்தது வருது. வைரஸா இருக்குமா?" வைரஸ் என்று எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் அவரே அடுத்து இன்னொன்று சொன்னார்: கேமராவில் நேரடிப் படம் நன்றாகத் தெரிகிறது, ஆனால் நேற்றைய பதிவைத் திருப்பிப் பார்த்தால் நடுநடுவே காணோம். பில்லிங்கும் கேமரா பதிவும் ஒரே கம்ப்யூட்டர், ஒரே டிரைவ். படம் வருகிறது, பதிவு விழவில்லை, பில் நிற்கிறது என்றால் எழுதும் இடத்தில்தான் கோளாறு.

"பாய், ரீஸ்டார்ட் மட்டும் பண்ணாதீங்க, நான் வர்ற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். யாருக்குமே கம்ப்யூட்டர் நின்றால் கை போவது பவர் பட்டனுக்குத்தான், ஆனால் ஆயுள் முடிந்த எஸ்எஸ்டி விஷயத்தில் அது ஆபத்து. 2013-ல் தொடங்கி 2015 வரை டெக் ரிப்போர்ட் என்ற அமெரிக்கத் தளம் ஆறு எஸ்எஸ்டிகளை இடைவிடாமல் எழுதிச் சாகடித்துப் பார்த்தது. எல்லாமே 240 முதல் 256 ஜிபி வரையிலான டிரைவ்கள். அதில் இன்டெல் 335 எழுத்து வரம்பைத் தொட்டதும், வடிவமைத்தபடியே, எழுதுவதை நிறுத்திக்கொண்டு படிக்க மட்டும் விட்டது. அடுத்து கரண்டை நிறுத்திப் போட்டபோது அது கண்ணுக்கே தெரியவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்வரை உள்ளே இருப்பதை எடுக்க முடியும், அணைத்துப் போட்டால் எடுக்க முடியாமல் போகலாம். எல்லா டிரைவும் அப்படிச் செய்வதில்லை, ஆனால் எது செய்யும் என்று பார்த்துச் சொல்ல வழி இல்லை. ஆறிலும் கடைசிவரை ஓடிய சாம்சங் 840 ப்ரோ 2.4 பீட்டாபைட்டை, அதாவது 2,400 டிபியைத் தாண்டியது. முதலில் விழுந்தவையே 700 டிபியைத் தாண்டித்தான் விழுந்தன.

கடையில் போய் உட்கார்ந்ததும் முதல் வேலையாக பில்லிங் டேட்டாபேஸை பென்டிரைவில் எடுத்தேன், அப்புறம் ஜிஎஸ்டி கோப்புகள், ஸ்டாக் ஷீட். அதெல்லாம் கைக்கு வந்த பிறகுதான் கம்ப்யூட்டரை அணைத்தேன். லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து டிடிரெஸ்க்யூ கொண்டு முழு டிரைவையும் ஒரு ஹார்டு டிஸ்கில் பிம்பமாக, அதாவது முழு நகலாக இறக்கினேன். எனக்கு இந்த வேலைக்கு டிடிரெஸ்க்யூவை விட்டால் வேறு எதிலும் நம்பிக்கை இல்லை, படிக்க முடியாத இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிப்போய், நல்ல பகுதியை முதலில் எடுத்துவிட்டு, மோசமான இடத்துக்குப் பிறகு திரும்பி வரும். கேமரா பதிவுப் பகுதியில் சில எம்பி போனது. விண்டோஸும் கணக்கும் முழுசாக வந்தன.

இப்போது எண்கள். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டால் மொத்தம் எழுதியது மேலேயே தெரியும். நான் லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையைத்தான் பயன்படுத்துகிறேன். சாட்டா எஸ்எஸ்டி, அதாவது கேபிளில் இணையும் வகை, தன்னைப் பற்றித் தானே குறித்து வைக்கும் பட்டியலில் 9-ஆம் எண் கரண்டில் ஓடிய மணிநேரம், 5 மாற்றி வைக்கப்பட்ட பிளாக்குகள், 241 மொத்தம் எழுதியது. இந்த 241-இல் மட்டும் கவனம் வேண்டும்: சாம்சங்கில் அது 512 பைட் செக்டர் கணக்கு, வேறு சில கண்ட்ரோலர்களில் 32 எம்பி ஒரு அலகு, இன்னும் சிலவற்றில் ஒரு ஜிபி ஒரு அலகு. அலகு தெரியாமல் பெருக்கினால் வரும் விடைக்கு அர்த்தமே இருக்காது. எனவே தெரிந்த அளவு ஒரு கோப்பை, சொல்லப்போனால் 10 ஜிபி, எழுதிவிட்டு எண் எவ்வளவு கூடியது என்று பார்த்து அலகைக் கண்டுபிடிப்பதுதான் என் வழக்கம். தகவல் வந்து போகும் வழியில் விழும் பிழைகளை எண்ணும் 199-ஆம் எண் ஏறிக்கொண்டே போனால் டிரைவில் குறை தேடாதீர்கள், கேபிளை மாற்றுங்கள். சாட்டாவைவிட வேகமான என்விஎம்இ வகை டிரைவில் இந்தக் குழப்பம் கிடையாது, 'டேட்டா யூனிட்ஸ் ரிட்டன்' என்ற எண்ணை 5,12,000 பைட்டால் பெருக்கினால் போதும், 'பெர்சன்டேஜ் யூஸ்டு' என்று தேய்மானமும் தனியாக வரும்.

139 டிபி எங்கிருந்து வந்தது? கடையில் அந்தக் கம்ப்யூட்டரோடு இணைந்தவை நான்கு ஐபி கேமராக்கள்: பில்லிங் கவுன்டர் இரண்டு, வாசல், மேலே குடோன் கதவு. ஒவ்வொன்றும் நொடிக்கு 4 மெகாபிட். நான்கும் சேர்ந்து 16 மெகாபிட், அதாவது நொடிக்கு 2 மெகாபைட். கேட்கும்போது ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். ஒரு நாளைக்கு 86,400 நொடி, ஆக 172.8 ஜிபி, வருஷத்துக்கு 63 டிபி. இரவு பூட்டிய கடையில் இருட்டையும் சேர்த்து 24 மணி நேரமும் பதிவு. அந்த டிரைவுக்குத் தயாரிப்பாளர் போட்டிருந்த எழுத்து உத்தரவாதம், டிபிடபிள்யூ என்று பெட்டியிலோ டேட்டாஷீட்டிலோ இருக்குமே அது, 120 டிபி. இரண்டு வருஷம்கூடத் தாங்காது என்பது வாங்கின அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டிய கணக்கு. கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்தவர் வேகமாக இருக்கட்டும் என்று எஸ்எஸ்டி போட்டிருக்கிறார், பில்லிங்குக்கு அது சரி, ஆனால் பிறகு கேமராக்காரர் வந்து காலியாக இருந்த இடத்தில் பதிவை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை.

சரி, உத்தரவாதம் 120, எழுதியது 139, விஷயம் முடிந்தது என்று நிறுத்தியிருக்கலாம். அப்படி நிறுத்த விடாதது இன்னொரு எண். இந்த டிரைவ் சராசரி அழிப்பு எண்ணிக்கையையும் காட்டும், அது 980. அதைப் புரிந்துகொள்ள, எஸ்எஸ்டிக்குள் தகவலைச் சேமிக்கும் சில்லான நேண்ட் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நேண்ட் செல்லில் மின்னூட்டத்தை ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் வழியாக அதிக மின்னழுத்தம் கொடுத்து உள்ளே தள்ளி, அங்கே சிறைவைத்து, அதன் அளவை வைத்துத்தான் 0, 1 படிக்கிறோம். அழிக்கும்போது அதையே வெளியே இழுக்க வேண்டும். ஒவ்வொரு முறை தள்ளும்போதும் இழுக்கும்போதும் அந்தப் படலம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேதமாகிறது, ஒரு கட்டத்தில் மின்னூட்டத்தைப் பிடித்து வைக்க முடியாமல் கசிய விடுகிறது. ஒரு செல்லில் ஒரு பிட் மட்டும் வைக்கும் எஸ்எல்சியில் இரண்டே நிலைகளைப் பிரித்துப் பார்த்தால் போதும், அது சுமார் 1,00,000 முறை வரை தாங்கும். இரண்டு பிட் எம்எல்சியில் நான்கு நிலை, 3,000 முதல் 10,000 முறை. மூன்று பிட் டிஎல்சியில் எட்டு நிலை, 1,000 முதல் 3,000. நான்கு பிட் கியூஎல்சியில் பதினாறு நிலை, சில நூறிலிருந்து 1,000 வரை. நிலைகள் நெருங்க நெருங்க சின்னக் கசிவுகூடத் தப்பாகப் படிக்க வைக்கும், தேய்வதற்கு முன்பே டிரைவ் தேய்ந்ததாக ஆகிவிடும். விலை குறைந்ததற்கும் ஆயுள் குறைந்ததற்கும் இது ஒரு முக்கியக் காரணம். பழைய சோதனைகளில் 700 டிபி தாண்டியது என்று படித்துவிட்டு இன்றைய விலை குறைந்த டிரைவும் அப்படித் தாங்கும் என்று நினைக்கக் கூடாது, அந்த ஆறில் ஒன்று மட்டும்தான் டிஎல்சி.

இன்னொரு விஷயம், எழுதுவது பேஜ் பேஜாக, அழிப்பது பிளாக் பிளாக்காக. பேஜ் என்பது சில கேபி, பிளாக் என்பது பல எம்பி. சிலேட்டில் ஒரு வரியை மட்டும் துடைக்க முடியாது, முழு சிலேட்டையும் துடைத்துவிட்டு மற்ற வரிகளைத் திரும்ப எழுத வேண்டும் என்று ஒரு விதி இருந்தால் எப்படி இருக்கும், அப்படி. அதனால் கண்ட்ரோலர் பழைய இடத்தில் எழுதாமல் புதிய இடத்தில் எழுதிவிட்டு, பழையதைச் செல்லாதது என்று குறித்து வைக்கும். காலி பிளாக் குறையும்போது, பாதி செல்லாததாக இருக்கும் ஒரு பிளாக்கை எடுத்து, அதில் நல்லதை மட்டும் வேறு இடத்துக்கு மாற்றி எழுதிவிட்டு, பிளாக்கை அழிக்கும். நாம் ஒரு ஜிபி எழுதினால் உள்ளே இரண்டு, மூன்று ஜிபி எழுதப்படுவது இப்படித்தான், இதற்கு ரைட் ஆம்ப்ளிஃபிகேஷன் என்று பெயர். டிரைவில் இடம் அதிகமாக இருந்தால் முழுவதும் செல்லாத பிளாக்குகள் எளிதில் கிடைக்கும், மாற்றி எழுத வேண்டியது குறையும். நிறைந்து வழியும் டிரைவில் ஒவ்வொரு பிளாக்கிலும் நல்ல பேஜ்கள் நிறைய இருக்கும், வேலை கூடும்.

980 அழிப்பு, உள்ளே இருக்கும் நேண்ட் 512 ஜிபி. பெருக்கினால் ஏறத்தாழ 502 டிபி. கம்ப்யூட்டர் எழுதச் சொன்னது 139. அதாவது ஒவ்வொரு ஜிபிக்கும் உள்ளே 3.6 ஜிபி எழுதியிருக்கிறது. கேமரா பதிவு என்பது தொடர்ச்சியான பெரிய கோப்பு, அதற்கு இவ்வளவு வரக் கூடாதே என்றுதான் பதிவு மென்பொருளைக் கிளறிப் பார்த்தேன். அது டிரைவின் காலி இடம் முழுவதையும் ஆரம்பத்திலேயே ஒரே அளவுக் கோப்புகளாகப் பிடித்து வைத்துக்கொண்டு, அவற்றையே சுற்றிச் சுற்றி மேலெழுதுகிறது. கோப்பு எதையும் நீக்குவதே இல்லை, நீக்கினால்தானே விண்டோஸ் ட்ரிம் கட்டளை அனுப்பி "இந்த இடம் இனி வேண்டாம்" என்று டிரைவுக்குச் சொல்லும். டிரைவ் எப்போதும் 95 சதவீதத்துக்கு மேல் நிறைந்தே இருந்திருக்கிறது. நான்கு கேமராவின் ஓட்டமும் சின்னச் சின்னத் துண்டுகளாகக் கலந்து விழுகிறது. போதாததற்கு, எந்த நொடி எந்தக் கோப்பில் என்று குறித்து வைக்கும் அட்டவணையை நொடிக்கொருமுறை கட்டாயமாக டிரைவில் இறக்குகிறது, அது சில கேபிதான், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு முழு பேஜ் போகும். டிரைவில் டிராம் என்ற தற்காலிக நினைவகம் வேறு இல்லாததால் அதன் சொந்த முகவரி அட்டவணையும் நேண்டிலேயே எழுதப்படும்.

இது என் ஊகம் மட்டும்தானா, உண்மையா என்று பார்க்கத்தான் வீட்டுச் சோதனை. ஒரு பழைய டெஸ்க்டாப்பில் மாட்டி, பிளக்டிஸ்கார்டு என்ற லினக்ஸ் கட்டளை கொடுத்து டிரைவ் முழுவதையும் ட்ரிம் செய்து, எஃப்ஐஓ என்ற சோதனை மென்பொருள் கொண்டு பெரிய துண்டுகளாக வரிசையாக எழுத விட்டேன். ஒரு சுற்று முடிந்ததும் எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்த்து, மறுபடி ட்ரிம், மறுபடி எழுத்து. ஆரம்பத்தில் நொடிக்கு 400 எம்பிக்கு மேல் போகும், எஸ்எல்சி போல நடத்தும் கேஷ் பகுதி நிறைந்ததும் 70-க்கு விழுந்துவிடும், அப்புறம் அதே வேகத்தில் இரவும் பகலும். பெரம்பூர் வெயிலில் டிரைவ் 60 டிகிரியைத் தொட்டதால் மேசை மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தேன். 12 டிபி எழுதி முடித்தபோது மொத்தம் 151, சராசரி அழிப்பு 980-இல் இருந்து 1,007. 27 அழிப்பு என்றால் 13.8 டிபி. 12-க்கு 13.8, அதாவது 1.15 மடங்கு. தேய்ந்து முடிந்ததாக அறிவித்துக்கொண்ட டிரைவ், எழுதும் முறை மாறியதும் மூன்றில் ஒரு பங்குத் தேய்மானத்தில் வேலை செய்தது. அந்த எண்ணைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், எனக்கு அவ்வளவு வித்தியாசம் எதிர்பார்ப்பில் இல்லை.

அடுத்து நேர்மாறாக. டிரைவை 95 சதவீதம் நிரப்பி, ட்ரிம் அனுப்பாமல், 4 கேபி துண்டுகளாக அங்கங்கே சிதறி, ஒவ்வொன்றையும் கட்டாயமாக இறக்கச் சொல்லி எழுதினேன். வேகம் படுத்துவிட்டது, எவ்வளவு மெதுவாகப் போனாலும் அழிப்பு எண்ணிக்கை மட்டும் விறுவிறுவென்று ஏறியது. 2 டிபி எழுதியதற்கு 18 அழிப்பு, அதாவது 9.2 டிபி, 4.6 மடங்கு. மாற்றி வைக்கப்பட்ட பிளாக்குகளும் இந்தக் கட்டத்தில்தான் கூட்டமாக ஏறின. 153 டிபியில் லினக்ஸ் தன் கோளாறுகளைக் குறித்து வைக்கும் கர்னல் பதிவில் எழுத்துப் பிழை வரிசையாக விழ ஆரம்பித்தது, அதன் பிறகு ஒரு பைட்கூட எழுத விடவில்லை. படிக்க விட்டது. கரண்டை நிறுத்திப் போட்டுப் பார்த்தேன், நல்லவேளை இது திரும்ப வந்தது, படிக்க மட்டும்.

1,025 அழிப்பில் நின்றிருக்கிறது, மொத்தம் 525 டிபி நேண்ட் எழுத்து. இந்த டிரைவ் முதல் நாளிலிருந்தே 1.15 மடங்கில் ஓடியிருந்தால் கம்ப்யூட்டர் பக்கம் 456 டிபி வரை எழுதியிருக்கலாம், அதாவது அதே நான்கு கேமராவோடு ஏழு வருஷத்துக்கு மேல். காகிதக் கணக்குதான், கடையில் எந்த டிரைவும் 1.15-இல் ஓடாது, ஆனால் 2-இல் ஓடியிருந்தால்கூட நான்கு வருஷம் தாண்டியிருக்கும். பெட்டியில் போட்ட 120-ஐ மட்டும் பார்ப்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். டிபிடபிள்யூ என்பது ஜேஇடிஇசி என்ற மின்னணுத் தர அமைப்பு வகுத்த ஒரு வேலைச் சுமையை வைத்துக் கொடுக்கும் உத்தரவாதம், உங்கள் வேலை அதைவிட மென்மையாகவும் இருக்கலாம், கொடூரமாகவும் இருக்கலாம். க்ரூஷியல் எம்எக்ஸ்500 போன்ற சில டிரைவ்களில் 247, 248 என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது கம்ப்யூட்டர் கேட்டு எழுதிய பேஜ்கள், இரண்டாவது டிரைவ் தானாக எழுதிய பேஜ்கள். இரண்டையும் கூட்டி முதலாவதால் வகுத்தால் உங்கள் பெருக்கம் எவ்வளவு என்று நேரடியாகவே கிடைக்கும். எல்லாத் தயாரிப்பாளர்களும் இதைக் கட்டாயமாகக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. மோட்டார் ஓடிய கிலோமீட்டரை மட்டும் காட்டிவிட்டு எண்ணெய் அளவை மறைக்க யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கடைக்கு என்ன செய்தேன் என்று சொல்லாமல் விட்டுவிட்டேனே. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கி ரிச்சி ஸ்ட்ரீட் போய் 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும், கண்காணிப்புக் கேமராவுக்கென்றே வரும் 2 டிபி ஹார்டு டிஸ்க் ஒன்றும் வாங்கி வந்தேன். பாய்க்கு ஹார்டு டிஸ்கைப் பார்த்ததும் மனசு ஒப்பவில்லை. "இது பழைய காலத்து சாமான் ஆச்சே தம்பி, காசு பத்தி யோசிக்காத, பெரிய எஸ்எஸ்டியாவே போடு." நான் சொன்னேன், "பாய், பில்லுக்கு வேகம் வேணும், அதுக்கு எஸ்எஸ்டி. கேமராவுக்கு வேகம் வேணாம், நொடிக்கு ரெண்டு எம்பி இது தூங்கிக்கிட்டே எழுதும். ரெண்டு நாள் பதிவு இருந்த இடத்துல பதினோரு நாள் இருக்கும்." பதினோரு நாள் என்றதும் ஒத்துக்கொண்டார், ஏனென்றால் ஸ்டாக் எண்ணும்போது குறைவது அடுத்த வாரம்தானே தெரிகிறது.

ஹார்டு டிஸ்க் என்றால் எதையும் போடலாம் என்று அர்த்தம் இல்லை, இதையும் சொல்லிவிடுகிறேன். எழுதித் தேயும் செல் அதில் கிடையாது, ஆனால் வருஷத்துக்கு எவ்வளவு படிக்கலாம், எழுதலாம் என்ற வேலை வரம்பு அதற்கும் உண்டு. சீகேட் பாரகுடா போன்ற சாதாரண டெஸ்க்டாப் டிஸ்கில் அது வருஷத்துக்கு 55 டிபி, அதுவும் நாள் முழுக்க ஓடாது என்ற கணக்கில். இந்தக் கடையின் 63-க்கே அது போதாது. டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் இரண்டும் வருஷத்துக்கு 180 டிபி, 24 மணி நேரமும் ஓடுவதற்கென்று செய்தவை.

புதிய எஸ்எஸ்டியில் 400 ஜிபிக்கு மட்டும் பார்ட்டிஷன் போட்டு, மிச்சத்தை எதுவும் எழுதாத வெற்றிடமாக விட்டேன். புது டிரைவ் என்பதால் அந்த இடம் முழுக்க கண்ட்ரோலருக்குக் கூடுதல் வேலை இடமாகப் பயன்படும் (பழைய டிரைவில் இதைச் செய்தால் முதலில் அந்தப் பகுதியை ட்ரிம் செய்தாக வேண்டும், இல்லையென்றால் பழைய தகவலைச் சுமந்துகொண்டே இருக்கும்). கேமரா மென்பொருளின் அட்டவணைக் கோப்பையும் ஹார்டு டிஸ்குக்கு மாற்றினேன். ராமை 4 ஜிபியிலிருந்து 8 ஆக்கினேன், ராம் போதாமல் விண்டோஸ் டிரைவில் ஸ்வாப் எழுதிக்கொண்டே இருப்பதும் ஒரு கறையான்தான். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது எஸ்எஸ்டியில் நாளொன்றுக்குச் சராசரி 11 ஜிபி எழுத்து. 300 டிபி உத்தரவாதத்துக்கு அது 74 வருஷம். அவ்வளவு காலம் அது இருக்காது, கண்ட்ரோலரோ வேறு உதிரியோ அதற்கு முன் போகும், அதனால் தினமும் இரவு பில்லிங் டேட்டாபேஸ் ஹார்டு டிஸ்குக்கும் பாய் மகனின் லேப்டாப்புக்கும் காப்பி ஆகும்படி வைத்திருக்கிறேன். யுபிஎஸ் பேட்டரியையும் மாற்றச் சொன்னேன். விலை குறைந்த எஸ்எஸ்டிகளில் திடீரென்று கரண்ட் போனால் கையில் இருப்பதை எழுதி முடிக்க உதவும் கெபாசிட்டர்கள் இருக்காது, முகவரி அட்டவணை பாதியில் அறுந்தால் செல்கள் எல்லாம் நன்றாக இருந்தும் டிரைவ் போய்விடும்.

வீட்டில் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம். என் லேப்டாப்பில் நாளுக்கு 20 ஜிபி எழுதுகிறேன், சாம்சங் 870 ஈவோ 500 ஜிபிக்கு 300 டிபி உத்தரவாதம், அந்த வேகத்தில் 41 வருஷம். வீடியோ எடிட் செய்பவர்கள், டொரன்ட் எப்போதும் ஓட விடுபவர்கள், டேட்டாபேஸ் சர்வர் வைத்திருப்பவர்கள், கேமரா பதிவு வைத்திருப்பவர்கள் மட்டும் ஒரு வாரத்துக்கு எண்ணைக் குறித்து வைத்துப் பாருங்கள். குறிப்பாக கியூஎல்சி வைத்திருந்தால். இன்டெல் 660பி 1 டிபி டிரைவுக்கு உத்தரவாதம் 200 டிபிதான், இந்த நான்கு கேமராவுக்கே மூன்று வருஷம் சொச்சம்.

தேய்ந்த டிரைவை வைத்து இன்னொன்றும் பார்த்தேன். ஜேஇடிஇசி கணக்கில் சாதாரண எஸ்எஸ்டி தன் எழுத்து ஆயுளை முடித்த பிறகும், கரண்ட் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருஷம் தகவலைக் காக்க வேண்டும். சர்வர் வகைக்கு 40 டிகிரியில் மூன்று மாதம். சூடு கூடக் கூட கசிவு வேகமாகும், சென்னையில் மே மாதம் பரணில் 30 டிகிரி என்பது நடக்காத காரியம். எழுத மறுப்பதற்கு முன் டிரைவில் இருந்த கோப்புகளுக்கு செக்சம், அதாவது கோப்பு மாறியிருக்கிறதா என்று சரிபார்க்கும் எண், எடுத்து வைத்திருந்தேன். கோடை முழுக்கப் பரணில் போட்டுவிட்டு, பிறகு இறக்கிப் படித்தேன். பெரும்பாலான கோப்புகள் சரியாக வந்தன, ஆனால் முன்பு 400 எம்பிக்கு மேல் படித்தது பல இடங்களில் 100-க்கும் கீழே இறங்கித் திணறியது, ஒவ்வொரு பேஜையும் மின்னழுத்தத்தை மாற்றி மாற்றிப் படித்துப் பிழை திருத்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சில கோப்புகள் படிக்கவே முடியவில்லை. அதே கோப்புகளை ஒரு புது டிரைவில் எழுதி அருகிலேயே வைத்திருந்தேன், அதில் ஒரு குறையும் இல்லை. ஆக, தேய்ந்த எஸ்எஸ்டியில் கல்யாண போட்டோ போட்டுப் பீரோவில் வைக்கும் வேலை வேண்டாம்.

இப்போது பாயின் மச்சான் தண்டையார்பேட்டையில் புதுக்கடை போடுகிறார், 16 கேமரா. அவரும் எல்லாவற்றையும் எஸ்எஸ்டியில் போடலாமா என்றுதான் கேட்டார். 4 மெகாபிட் வீதம் வைத்தால் நாளுக்கு 691 ஜிபி, வருஷத்துக்கு 252 டிபி, ஒரு கண்காணிப்பு டிஸ்கின் 180-ஐயே தாண்டுகிறது. இரண்டு டிஸ்க் வைத்து எட்டு எட்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 126. கேமராக்கள் வீடியோவை அதிகமாகச் சுருக்கும் ஹெச்.265 முறையை ஆதரிப்பவை என்பதால் 2 மெகாபிட்டுக்கு இறக்கிப் படம் முகம் தெரிகிற அளவுக்கு வருகிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன், வந்தால் ஒரே டிஸ்கில் 126-ஓடு முடிந்துவிடும். கவுன்டர் கேமரா இரண்டை மட்டும் 4-லேயே விடச் சொன்னேன், ரூபாய் நோட்டு எண்ணுவது அதில்தான் தெளிவாகத் தெரிய வேண்டும், அதையும் சேர்த்து வருஷத்துக்கு 142 டிபி. பில்லிங்குக்குத் தனி எஸ்எஸ்டி.